ஃபிலிம் முகமும் டிஜிட்டல் முகமும்: போர்ட்ரெய்ட்டில் டோனும் பின்னணி மங்கலும் – முழுமையான வழிகாட்டி

ஃபிலிமில் எடுத்த ஒரு நல்ல போர்ட்ரெய்ட்டைப் பார்க்கிறவர்கள் இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்வார்கள். "ஸ்கின் டோன் எவ்வளவு மென்மையா இருக்கு! பின்னாடி எல்லாம் எப்படிக் கரைஞ்சு போயிருக்கு!" இரண்டு பெருமையையும் ஃபிலிம் பெயரிலேயே எழுதிவிடுவார்கள். முதல் பாதி பெருமளவு சரி. இரண்டாம் பாதி ஃபிலிமுக்குச் சேராது. அது லென்ஸுக்கும், நீங்கள் நின்ற இடத்துக்கும், பின்னணி இருந்த தூரத்துக்கும் சேரும். இந்தக் கணக்கைப் பிரித்து வைத்துக்கொண்டால் கையில் எந்தக் கேமரா இருந்தாலும் எதைத் தொட்டால் எது மாறும் என்று தெரிந்து வேலை செய்யலாம். டோனும் (வெளிச்சத்திலிருந்து நிழல் வரை முகம் மாறும் படிநிலை) மங்கலும் உண்மையிலேயே சந்திக்கும் ஓர் இடமும் இருக்கிறது. ஃபிலிம் பொக்கே (பின்னணி மங்கலின் தோற்றம்) அழகு என்ற பேச்சு பிறப்பது அங்கேதான். அதற்கு ஆறாவது படியில் வருகிறேன்.

படி 1: மங்கலை லென்ஸின் கணக்கில் எழுதுங்கள்

கேமராவில் லென்ஸை மாட்டும் அமைப்புக்கு மவுண்ட் என்று பெயர். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-ல் வந்தது, கேனானின் இஎஃப் மவுண்ட் 1987-ல் வந்தது. இரண்டும் ஃபிலிம் காலத்தில் பிறந்து டிஜிட்டல் எஸ்எல்ஆர் காலத்திலும் தொடர்ந்தவை. ஆகவே பழைய இஎஃப் ஃபிலிம் கேமரா ஒன்றிலும் ஃபுல் ஃப்ரேம் டிஜிட்டல் எஸ்எல்ஆர் ஒன்றிலும் அதே 85 மி.மீ. லென்ஸை மாட்டிப் பார்க்க முடியும். இரண்டிலும் ஃப்ரேம் அளவு 36×24 மி.மீ.தான். ட்ரைபாடை நகர்த்தாமல், அதே அபெர்ச்சரில் (லென்ஸ் துளையின் திறப்பில்), அதே ஆளை, பின்னால் சீரியல் லைட் எரியும்போது இரண்டிலும் எடுங்கள். விளக்குகள் விரியும் வட்டம் இரண்டு படத்திலும் ஒரே அளவில் இருக்கும். ஃபிலிம் அதைப் பெரிதாக்குவதில்லை, சென்சார் சுருக்குவதுமில்லை.

வட்டத்தின் அளவை நிர்ணயிப்பது லென்ஸின் துளை. ஃபோக்கல் லெங்த்தை (லென்ஸில் மி.மீ. என்று எழுதியிருக்கும் எண்) எஃப் எண்ணால் (திறப்பைச் சொல்லும் எண், அது சிறியதானால் திறப்பு பெரிது) வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் திறந்தால் 47 மி.மீ. இதில் நான் எப்போதும் வியக்கும் ஓர் எளிமை உண்டு. வெகுதொலைவில் உள்ள ஒரு விளக்குப் புள்ளி, படத்தில் முகத்தின் அளவுகோலை வைத்து அளந்தால், அதே 47 மி.மீ. வட்டமாகத்தான் விழும். முகத்தின் அகலம் 14 செ.மீ. என்று கொள்ளுங்கள். வட்டம் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஃப்ரேம் சிறியதோ பெரியதோ, ஃபிலிமோ சென்சாரோ, இந்த விகிதம் மாறாது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் பெற்ற லென்ஸ்களை ஒரு சுற்றுப் பாருங்கள். 50 மி.மீ. எஃப் 1.8 என்றால் துளை 28 மி.மீ. ஹாசல்பிளாட்டின் 80 மி.மீ. எஃப் 2.8 கிட்டத்தட்ட அதே அளவு, 29. மாமியா ஆர்பி67-ன் 127 மி.மீ. எஃப் 3.8 என்றால் 33. பொக்கேவுக்காகவே தேடி வாங்கப்படும் பென்டாக்ஸ் 67-ன் 105 மி.மீ. எஃப் 2.4 என்றால் 44. விலை குறைந்த 85 மி.மீ. எஃப் 1.8 அதையும் தாண்டி 47. 135 மி.மீ. எஃப் 2 என்றால் 67. செல்போனின் முதன்மைக் கேமராவில் சுமார் 4 மி.மீ.தான். அதனால்தான் 2016-ல் ஐஃபோன் 7 பிளஸ் தொடங்கிவைத்த போர்ட்ரெய்ட் மோட் போன்ற கணக்கீட்டு மங்கல் செல்போனுக்குத் தேவைப்படுகிறது.

அப்படியானால் பென்டாக்ஸ் 67 படத்தில் மட்டும் ஏதோ வித்தியாசமாகத் தெரிகிறதே என்றால், தெரிகிறதுதான். 6×7 செ.மீ. ஃப்ரேமில் 105 மி.மீ. என்பது 35 மி.மீ. கேமராவில் ஏறக்குறைய 50 மி.மீ. பார்வைக்குச் சமம். ஆளைச் சுற்றியுள்ள இடம் தாராளமாக உள்ளே வருகிறது, துளையும் 44 மி.மீ. இருக்கிறது. அகன்ற காட்சியும் பெரிய துளையும் சேர்வதுதான் அந்த உணர்வு. சிறிய ஃப்ரேமில் அதே படம் வேண்டுமானால் 50 மி.மீ. எஃப் 1.2 போட வேண்டும், 42 மி.மீ. துளை கிடைக்கும். 85-ஐப் போட்டு அந்தப் படத்தைத் தேடினால் கிடைக்காது.

படி 2: ஆளையும் சுவரையும் பிரியுங்கள்

மேலே சொன்னது பின்னணி வெகுதொலைவில் இருக்கும்போது. பின்னணி பக்கத்தில் வந்தால் வட்டம் சுருங்கும். ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்தை, கேமராவுக்கும் பின்னணிக்கும் உள்ள மொத்தத் தூரத்தால் வகுத்து, துளையோடு பெருக்குங்கள். நீங்கள் 2 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், சுவர் ஆளுக்குப் பின்னால் 2 மீட்டரில் இருக்கிறது என்றால் பாதித் துளைதான் கிடைக்கும். சுவர் அரை மீட்டரில் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. 6 மீட்டரில் என்றால் முக்கால் பங்கு.

புது லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆளைச் சுவரிலிருந்து நாலு அடி முன்னால் அழைத்து வருவது எஃப் 1.8-லிருந்து எஃப் 1.4-க்குப் போவதைவிட அதிகம் தரும், செலவும் இல்லை.

அளவு ஒன்று, தன்மை வேறொன்று. வேப்ப மரம், புளிய மரம் போல் சின்ன இலைகளுக்கிடையே வானம் எட்டிப் பார்க்கும் பின்னணி எந்த லென்ஸிலும் சலசலக்கும். ஒவ்வொரு இடைவெளியும் தனித்தனி வட்டமாகி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வாழைத்தோப்பு, சுண்ணாம்புச் சுவர், நிழலில் கிடக்கும் நீளத் தாழ்வாரம் ஆகியவை பரந்த பரப்புகள், அமைதியாகக் கரையும். விளிம்பு எப்படிக் கரைகிறது என்பது லென்ஸ் வடிவமைப்பைப் பொறுத்தது. 1840-ல் வியன்னாவின் ஜோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த போர்ட்ரெய்ட் லென்ஸிலும், சோவியத் ஹீலியோஸ் 44-லும் ஓரங்களில் பின்னணி சுழல்வது அந்த வடிவமைப்பின் விளைவு. அந்த லென்ஸ்களை அடாப்டர் போட்டு டிஜிட்டலில் மாட்டினாலும் அதே சுழல் வரும்.

படி 3: எவ்வளவு திறப்பது

85 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.4 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 2.5 செ.மீ. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு நுனியே மென்மையாகிவிடும். எஃப் 2.8-ல் சுமார் 5 செ.மீ., எஃப் 4-ல் 7.5 செ.மீ. முகத்துக்கு எஃப் 2.8 என்பதே என் பரிந்துரை. பின்னணியைத் தள்ளி வைத்துவிட்டால் அதுவே போதும். கண், இமை, உதடு மூன்றும் தெளிவில் இருக்கும்.

இங்கே ஃபிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் நடைமுறை வேறுபாடு ஒன்று உண்டு. 45 மெகாபிக்சல் சென்சார் அரை செ.மீ. ஃபோகஸ் பிசகையும் காட்டிக்கொடுக்கும். 400 வேக ஃபிலிமின் (வேகம் என்பது ஒளியுணர்வு) கிரெய்ன், அதாவது படத்தில் தெரியும் மணல் போன்ற துகள், அந்தப் பிசகைத் தன்னோடு சேர்த்து மறைத்துவிடும். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் கேமரா இருந்தால் துணிந்து திறக்கலாம். கையால் ஃபோகஸ் செய்யும் பழைய கேமராவில் ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தை இருமடங்காக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி) மூடியே எடுங்கள்.

ஷட்டர் வேகமும் கையைக் கட்டும். 400 ஃபிலிம், பகல் நேரத் திறந்த நிழல் என்றால் 1/1000, எஃப் 4 ஏறக்குறைய சரியான எக்ஸ்போஷர். பென்டாக்ஸ் கே1000 போன்ற கேமராவின் உச்சமே 1/1000. அதில் எஃப் 2.8-க்குத் திறந்தால் ஒரு ஸ்டாப் ஓவர். கலர் நெகட்டிவுக்கு அது நல்லதே. எஃப் 1.8 வேண்டுமென்றால் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கண்ணாடி) போடுங்கள், அல்லது 160 வேக ஃபிலிமை ஏற்றுங்கள்.

படி 4: நம் முகத்துக்கான வெளிச்சம்

வெளிர் தோலில் வெளிச்சம் நிழலாக வடிவம் காட்டும். மாநிறத்திலும் கருநிறத்திலும் வடிவத்தைப் பெரும்பாலும் காட்டுவது பளபளப்பு. நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு ஆகிய இடங்களில் வெளிச்சம் பிரதிபலிக்கும் அந்தப் பரப்புதான் முகத்தைச் செதுக்குகிறது. சிறிய வெளிச்சம் விழுந்தால் அது குத்தும் புள்ளியாகும். பெரிய வெளிச்சம் விழுந்தால் அதே பளபளப்பு விரிந்து மெருகாகும். ஆகவே ஜன்னல், வராந்தா, வெயில் படும் வெள்ளைச் சுவருக்கு எதிர்ப்புறம் ஆகியவற்றைத் தேடுங்கள். வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து முகத்தின் நிழல் பக்கம் ஒருவர் பிடித்தால் போதுமான ரிஃப்ளெக்டர். வியர்வையைத் துணியால் ஒற்றி எடுங்கள், ஆனால் பவுடர் பூசி முழுக்க மட்டமாக்காதீர்கள். பளபளப்பு போனால் முகத்தின் எலும்பும் போய்விடும்.

படி 5: எக்ஸ்போஷர் – இங்கேதான் பாதை பிரிகிறது

1890-ல் இங்கிலாந்தில் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஃபிலிமில் இருப்பது போன்ற ஒளியுணர் பூச்சு வெளிச்சத்துக்கு எப்படி மறுமொழி தருகிறது என்பதை ஒரு வளைகோடாக வரைந்து வெளியிட்டார்கள். கீழே ஒரு வளைவு, நடுவே நேர்கோடு, மேலே தோள் போல் ஒரு சரிவு. அந்தத் தோள்தான் முகத்தின் மென்மைக்குக் காரணம். வெளிச்சம் கூடக் கூட நெகட்டிவ் மெதுமெதுவாகத்தான் நிரம்பும். கடைசி வரை ஏதாவது ஒரு வித்தியாசத்தைப் பதிந்துகொண்டே இருக்கும். சென்சார் அப்படி இல்லை. இருமடங்கு வெளிச்சத்துக்கு இருமடங்கு எண், நிரம்பியதும் அந்த நொடியே நின்றுவிடும். நெற்றிப் பளபளப்பு ஃபிலிமில் படிப்படியாக வெளுக்கிறது, டிஜிட்டலில் விளிம்புள்ள வெள்ளைத் திட்டாக நிற்கிறது. ஸ்லைட் ஃபிலிம் (நெகட்டிவாக இல்லாமல் நேராகவே படம் தருவது) இந்த விஷயத்தில் டிஜிட்டல் பக்கம். அதையும் ஹைலைட் பார்த்தே எடுக்க வேண்டும்.

நெகட்டிவ் ஃபிலிமுக்கு: முகத்தின் நிழல் பக்கத்தை நம்பி அளவெடுங்கள். கையில் பிடிக்கும் இன்சிடென்ட் மீட்டர் (ஆள் மேல் விழும் வெளிச்சத்தை அளப்பது) இருந்தால் அதன் குமிழை ஆளின் முகத்தருகே நிழல் பக்கத்தில் வைத்துக் கேமராவை நோக்கித் திருப்புங்கள். போர்ட்ரா 400 (கோடாக்கின் கலர் நெகட்டிவ்) ஏற்றியிருந்தால் மீட்டரில் ஐஎஸ்ஓ (ஃபிலிம் வேக எண்) 200 என்று வைத்துவிடுங்கள். ஒரு ஸ்டாப் கூடுதல், சில நேரம் இரண்டு ஸ்டாப் கூடுதல் கூட அது தாங்கும், நிழல் சுத்தமாக இருக்கும். குறைந்தால் மன்னிக்காது. கறுத்த முடியும் தாடைக்கீழ் நிழலும் சேறாகிப் பச்சை கலந்த கிரெய்னாக வரும். மாநிற முகத்தில் இது உடனே தெரிந்துவிடும்.

டிஜிட்டலுக்கு: பளபளப்பைப் பார்த்து அளவெடுங்கள். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) திறந்து வையுங்கள். நம் தோலில் மிகுந்திருப்பது சிவப்பு. சாயங்கால வெயிலிலும் மஞ்சள் பல்ப் வெளிச்சத்திலும் அந்தச் சேனல்தான் முதலில் நிரம்பும். பொது ஹிஸ்டோகிராம் எல்லாம் நலம் என்று காட்டும்போதே நெற்றியில் மஞ்சள் திட்டு விழுந்திருக்கும். பின்னால் எந்த ஸ்லைடரும் அதை முழுதாகச் சரிசெய்யாது. ஹிஸ்டோகிராம் கேமராவின் ஜேபெக் அமைப்பிலிருந்து வருவது, ஆகவே பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வையுங்கள். பெரும்பாலும் ⅓ முதல் ⅔ ஸ்டாப் குறைத்தால் போதும்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் நடுச்சாம்பலைத் தேடும். கறுத்த முகம் ஃப்ரேமை நிரப்பினால் அதை வெளுக்கப் பார்க்கும். வெள்ளைச் சட்டை நிரப்பினால் முகத்தை இருட்டாக்கும். இதற்கு எளிய வழி உள்ளங்கை. எல்லாருடைய உள்ளங்கையும் ஏறக்குறைய ஒரே வெளுப்பு. அதே வெளிச்சத்தில் உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். முகம் தன் நிறத்தில் விழும்.

முகத்தின் சொந்த நிறத்தைக் காப்பது சின்ன விஷயம் அல்ல. கோடாக் நிறுவனம் கலர் லேப்களுக்கு அனுப்பிய ஒப்பீட்டு அட்டையில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைப் பெண்ணின் முகம், 'ஷெர்லி' என்று அழைத்தார்கள். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. பல நிற முகங்கள் சேர்ந்த அட்டை 1990-களில்தான் வந்தது. இன்றும் லேப் ஸ்கேனிலோ எடிட்டிங்கிலோ ஒரு கறுத்த முகத்தை யாராவது 'பிரைட்' ஆக்கும்போது அந்தப் பழைய அளவுகோல்தான் மறுபடி வேலை செய்கிறது. அதைச் செய்யாதீர்கள்.

படி 6: டோனும் மங்கலும் சந்திக்கும் இடம்

மங்கலான வட்டங்களின் அளவு இரண்டிலும் ஒன்றே என்றேன். தோற்றம் ஒன்றல்ல. பல லென்ஸ்கள் ஒளி வட்டத்தை நடுவில் பிரகாசமாகவும் விளிம்பில் மெல்ல மங்கியும் வரைகின்றன. நெகட்டிவின் தோள் அந்தச் சரிவை அப்படியே வைத்துக்கொள்ளும். சென்சாரில் அந்த வட்டம் நிரம்பி வழிந்தால் நடுவும் விளிம்பும் ஒரே வெள்ளையாகிவிடும். மெல்லக் கரைய வேண்டிய ஓரம் வெட்டிய காகிதம் போல் கூர்மையாகும். ஓரத்தில் இருக்கும் பச்சை, ஊதாக் கசிவும் பளிச்சென்று தெரியும். அதே லென்ஸ், அதே துளை, ஆனால் ஒன்றில் பொக்கே மென்மை, மற்றதில் முரடு. ஃபிலிம் பொக்கே என்று மக்கள் உணர்வது இந்த வேறுபாட்டைத்தான், அது கற்பனை அல்ல.

ஆகவே டிஜிட்டலில் முகத்தை மட்டும் அல்ல, பின்னணியின் ஒளிப் புள்ளிகளையும் எரியாமல் காக்க வேண்டும். முகத்தைவிட ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் இருண்ட பின்னணியைத் தேர்ந்தெடுங்கள். இலைகளுக்கிடையே நண்பகல் வானம் தெரிந்தால் இரண்டடி நகர்ந்து வானத்தை ஆளின் தலைக்குப் பின்னால் மறையுங்கள். விளக்குகளோடு எடுக்கும்போது விளக்குக்கு எக்ஸ்போஷர் வைத்து, முகத்துக்கு வெளிச்சம் சேருங்கள்.

டிஜிட்டலுக்கே உரிய இன்னொரு கண்ணி: எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் ஷட்டர் (எக்ஸ்போஷரைச் சென்சார் மின்னணு முறையில் தொடங்கி, ஷட்டரின் திரை முடித்துவைப்பது). எஃப் 1.4 போன்ற திறப்பில் 1/2000-க்கு மேல் போனால் பொக்கே வட்டங்களின் ஒரு பக்கம் வெட்டுப்படும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று பயப்படாமல் மெனுவில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.

கிரெய்னின் பங்கும் இங்கே உண்டு. மங்கலான பரப்பில் லென்ஸ் எந்த விவரமும் தருவதில்லை. ஃபிலிமில் அந்த வெறுமையைக் கிரெய்ன் நிரப்புகிறது, முகமும் பின்னணியும் ஒரே பொருளால் ஆனவை போல ஒட்டுகின்றன. டிஜிட்டலில் மங்கல் வழுவழுப்பாகி, ஜேபெக்கில் சுருக்கினால் பட்டைபட்டையாகவும் உடையும். எடிட்டிங்கில் கடைசியாக லேசான கிரெய்ன் சேர்ப்பது அந்தப் பட்டைகளுக்கான மருந்து.

படி 7: கழுவுதல், ஸ்கேன், ரா

கறுப்பு-வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாம். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸுக்கு ஐடி-11 டெவலப்பரில் கலக்காத கரைசலில் 20 டிகிரியில் 7½ நிமிடம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் கோடையில் 30 டிகிரியைத் தொடும். ஐஸ் கட்டி மிதக்கும் பெரிய பாத்திரத்தில் கரைசல் புட்டிகளை நிறுத்திக் குளிர்வித்துத் தொடங்குங்கள். சூடாகக் கழுவினால் நேரம் மிகவும் குறுகி, முகத்தின் டோன் சீராக வராது. கடும் வெயிலில் எடுத்த ரோல் என்றால் நேரத்தை 15 முதல் 20 சதவீதம் குறையுங்கள், நெற்றியும் கன்னமும் அடங்கும். கலர் நெகட்டிவுக்கான சி-41 முறைக்கு 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 நொடி. சூடு நமக்கு அங்கே துணை.

(உதகையில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு-வெள்ளை ஃபிலிமும் தாளும் தந்தது. நம் ஊர்லேயே ஃபிலிம் பூசிய காலம் ஒன்று இருந்தது என்பதை இந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டும்.)

நிறத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கும்போது ஃபில்டர் முகத்தை மாற்றிவிடும். ஆரஞ்சு ஃபில்டர் தழும்பையும் பருவையும் அமுக்கித் தோலை வெளுப்பாக்கும், பச்சை ஃபில்டர் தோலையும் உதட்டையும் ஆழமாக்கும். டிஜிட்டலில் சேனல் மிக்ஸர் அதே வேலையைச் செய்கிறது. சிவப்புச் சேனல் வழுவழுப்பு, நீலச் சேனல் ஒவ்வொரு சுருக்கத்தையும் காட்டும். வயதான முகத்தில் எனக்குப் பச்சையே பிடிக்கும், வாழ்ந்த அடையாளம் மிஞ்சும்.

ஸ்கேனில் கவனம் வையுங்கள். செல்போனில் நாம் ரசிக்கும் 'ஃபிலிம் லுக்' பாதிக்கு மேல் லேப்களில் உள்ள நோரிட்சு, ஃபிரான்டியர் ஸ்கேனர்களும் அவற்றை இயக்கியவரின் கண்ணும் செய்த வேலை. லேப்பில் கொடுக்கும்போது கான்ட்ராஸ்ட் குறைந்த 16 பிட் டிஃப் ஃபைல் கேளுங்கள், ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு டோனை நீங்கள் வைக்கலாம்.

ரா ஃபைலில் தோளை நாமே கட்ட வேண்டும். முதலில் குறைத்து எடுத்த எக்ஸ்போஷரை டோன் கர்வின் (இருட்டு முதல் வெளிச்சம் வரை பிரகாசத்தை மாற்றும் வளைகோடு) நடுப்பகுதியைத் தூக்கி ஈடுகட்டுங்கள். அடுத்து மேல் கால்பகுதியை மெல்ல வளைத்துப் படுக்க விடுங்கள், உச்சிப் புள்ளியையும் ஒரு நூல் கீழே இறக்குங்கள். ஹைலைட் ஸ்லைடரைக் கடைசி வரை இழுக்காதீர்கள், பளபளப்பு சாம்பலாகி முகம் மண்பொம்மை ஆகும். கர்வைத் தூக்கும்போது ஆரஞ்சு நிறம் தடித்துவிடும். பிரகாசமான பகுதியில் மட்டும் அதன் செறிவைக் கொஞ்சம் குறையுங்கள், நெகட்டிவும் அப்படித்தான் வெளுக்கிறது. கிளாரிட்டி ஸ்லைடரைத் (நடு டோன்களில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுவது) தொட வேண்டாம். கிரெய்ன் கடைசியில்.

இரண்டையும் ஒப்பிடத் திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பது பயன்படாது. ஒரே மேட் தாளில் 8×12 அங்குலத்தில் இரண்டையும் பிரிண்ட் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கை நீளத்தில் பிடியுங்கள். முதலில் நெற்றியைப் பாருங்கள், அடுத்து தாடைக்கீழ் நிழலை, கடைசியில் பின்னணி வட்டங்களின் ஓரத்தை. நெற்றியில் குறை என்றால் எக்ஸ்போஷரையும் கர்வையும் திருத்துங்கள், நிழலில் என்றால் வேட்டியை இன்னும் கிட்டே பிடிக்கச் சொல்லுங்கள், வட்டத்தின் ஓரத்தில் என்றால் பின்னணியை மாற்றி மறுபடி எடுங்கள்.